ஏற்றத்தில் இறங்கியபோது

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது காவியமும் அல்ல, கவிதையும் அல்ல; ஒரு பழைய சைக்கிள். இலக்கியத் தொடரில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தமிழாசிரியன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நமது பாடநூல்கள் அதைத் துவிச்சக்கர வண்டி என்கின்றன. தமிழ்நாட்டில் மிதிவண்டி என்று எழுதுகிறார்கள். எங்கள் எல்லப் பகுதியிலோ அது பாதி மிதிவண்டி, பாதி தள்ளுவண்டி.

காரணம் நிலம்தான். எல்ல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; பதுளை நிலையம் ஏறத்தாழ 650 மீற்றரில். இந்த இறக்கத்தை ரயிலாலேயே நேராக இறங்க முடியவில்லை. தெமோதரையில் தண்டவாளம் ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, தான் சற்றுமுன் கடந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துள் நுழைந்து போகிறது. ரயிலின் கதையே இப்படியென்றால், சைக்கிள்காரனின் பாட்டைச் சொல்ல வேண்டுமா?

என் தந்தையார் தோட்டத்தில் தப்பால்காரராக இருந்தவர். காலையில் தபாற்கந்தோருக்குப் போவார். போகும்போது இறக்கம், ஏறிச் செல்வார். திரும்பும்போது ஏற்றம், தபால் பையைக் கரியரில் கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வருவார். துரையின் கடிதங்களோடு லயத்துக்கு வரும் கடிதங்களும் அந்தப் பையில் இருக்கும். 1964இல் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனவர்கள் எழுதிய கடிதங்கள் அவற்றில் பல. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள், “அண்ணே, எனக்கு ஏதும் வந்திருக்கா?” என்று குரல் கொடுப்பார்கள். அப்பா நின்று பதில் சொல்லிவிட்டு மறுபடி தள்ளுவார்.

அந்தச் சைக்கிளில்தான், தோட்டத்தில் ஓரளவு சமதரையாக இருந்த ஒரே இடமான பிரட்டுக்களத்தில், நான் ஓட்டப் பழகினேன். பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக்கி மிதித்த நாட்கள் அவை. விழுந்து முழங்காலில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

பிறகு படித்தேன், பட்டதாரியானேன், 2005ஆம் ஆண்டு ஆசிரிய நியமனம் கிடைத்தது. முதல் நாள் அந்தச் சைக்கிளில்தான் போனேன். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்ற இடத்தில் அதைச் சாத்தியபோது ஒருவர் சிரித்துக்கொண்டே, “என்ன சேர், தோட்டத்துத் தப்பால் வண்டியா?” என்றார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் மாதம் கடன்பட்டு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தம் வண்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பின்பக்கத் தாழ்வாரத்தில் ஏற்றித் தொங்கவிட்டார். அவர் காலமான பின்பும் அது அங்கேயே தொங்கியது. பதினேழு ஆண்டுகள் நான் அதைத் தொடவில்லை.

2022 வந்தது. ஏப்ரல் மாதத்தில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது. முந்திய டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இரண்டு இரவு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய என்னைப் பார்த்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு கற்பிக்கும் நண்பர் சிரித்தார். “இதெல்லாம் நாங்கள் கண்டதுதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் ஊரே சைக்கிளில்தான் ஓடியது. மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம்” என்றார். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்ட அந்தக் காட்சியை, வானொலி கேட்கும் உங்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அன்று மாலையே வண்டியைத் தாழ்வாரத்திலிருந்து இறக்கினேன். ரயரும் ரியூபும் உளுத்துப் போயிருந்தன. சைக்கிள் பாஸ் அவற்றை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, “மாத்தயா, வண்டி நல்லா இருக்கு. உங்க முழங்கால்தான் எப்படியோ!” என்றார்.

அவர் சொன்னது சரிதான். சமநிலையை உடம்பு மறக்கவில்லை. ஏறி உட்கார்ந்ததும் கையும் காலும் தம் வேலையைத் தாமே செய்தன. மூச்சுத்தான் மறந்திருந்தது. காலையில் இறக்கத்தில் காற்று முகத்தில் அடிக்க, பத்து வயதுப் பையனாகிவிட்டேன். மாலையில் முதல் ஏற்றத்திலேயே நாற்பது வயது திரும்பி வந்தது. தொடை நடுங்கியது. இறங்கினேன், யாராவது பார்க்கிறார்களா என்று இரு பக்கமும் நோக்கிவிட்டுத் தள்ளத் தொடங்கினேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தான் ஒருவன். தரம் பத்தில் படிக்கும் என் மாணவன். பிந்தி வருகிறான் என்று பல நாள் வகுப்பு வாசலில் நிறுத்தி நான் ஏசிய பையன். “சேர், நானும் தள்ளவா?” என்று கரியரில் கைவைத்தான். பேசிக்கொண்டே ஏறினோம். பஸ் ஓடாததால் நாலு கிலோமீற்றர் நடந்து வருகிறான் என்றும், அம்மா விடியுமுன் மலைக்குப் போவதால் தங்கைக்குச் சோறு கொடுத்து, அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் புறப்படுகிறான் என்றும் அந்த ஏற்றத்தில்தான் அறிந்தேன். “ஏன் தம்பி, இதை முன்னமே சொல்லவில்லை?” என்றேன். “நீங்க கேக்கலையே சேர்” என்றான்.

நேயர்களே, அதே பாதையில் மோட்டார் சைக்கிளில் அவனை எத்தனை நாள் கடந்து போயிருப்பேன்! ஒலிப்பானை அழுத்தி, ஓரம் போகச் சொல்லி.

1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த முதல் இருசக்கர வண்டியில் மிதியே இல்லை. அதில் உட்கார்ந்தவர் நிலத்தைக் காலால் உதைத்து உதைத்துத்தான் போனார். பின்னாலே மிதி வந்தது. 1888இல் டன்லொப்பின் காற்றடைத்த ரயரும் வந்தது. அந்த வண்டியைக் கொஞ்ச தூரம் காலால் நடத்திப் போவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? என்னை இத்தனை காலம் தடுத்தது ஏற்றம் அல்ல. அப்பாவின் பிழைப்பைப் பற்றி எனக்குள் இருந்த கூச்சம். மெதுவாகத் தள்ளிப் போனதால்தான் அவரிடம் கடிதம் கேட்க அந்தப் பெண்களுக்கு முடிந்தது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது.

எரிபொருள் மறுபடி கிடைத்ததும் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். மழை நாட்களில் நானும் அதில்தான் போகிறேன். மற்ற நாட்களில் கிழமைக்கு இரண்டு முறையாவது அப்பாவின் வண்டி. விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். தெமோதரைத் தண்டவாளம்போல, அதே இடம்தான். நிற்கும் மட்டம் வேறு.

அன்று சந்தியில் பிரியும்போது அந்தப் பையன் தன் புத்தகப் பையைக் கரியரிலிருந்து அவிழ்த்தான். அதை அவன் அங்கே எப்போது வைத்தான் என்று நான் கவனிக்கவேயில்லை. அப்பா தபால் பையைக் கட்டும் அதே இடம்.

மறுநாள் அவன் பிந்தித்தான் வந்தான். நான் வாசலில் நிறுத்தவில்லை.