அரையாண்டு லீவில் ராமேஸ்வரம்: காரில் ஒரு வாரம்



அரையாண்டுத் தேர்வு முடியப்போகிறது. "இந்த லீவுக்கு எங்கப்பா போறோம்?" என்ற கேள்வி உங்கள் வீட்டிலும் ஆரம்பிச்சிருக்கும். ராமநாதபுரம் – ராமேஸ்வரம் கடலோரத்துக்குச் சொந்தக் காரில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு ஒரு வாரம் போய்வர நினைக்கிறவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

நம்மில் பலர் ராமேஸ்வரத்தை ஒன்றரை நாளில் முடித்துவிடுகிறோம். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி, விடியற்காலை நாலு மணிக்குப் பிள்ளையை எழுப்பி, தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, மத்தியான வெயிலில் தனுஷ்கோடி பார்த்து, சாயங்காலம் திரும்பு. பிள்ளைக்கு நினைவில் நிற்பது காரில் எடுத்த வாந்தி மட்டும்தான். ஒரு வாரம் கிடைத்திருக்கிறது என்றால் கணக்கை மாற்றுங்கள். காலையில் ஒரு பெரிய இடம், பதினொன்றிலிருந்து நாலு வரை அறையில் ஓய்வு, சாயங்காலம் ஒரு சின்ன இடம். அதுக்கு மேல பிள்ளைகளால் தாங்காது. நம்மாலும்தான்.

முதலில் வானிலை. அரையாண்டு லீவு வருவது வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டத்தில். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22 இரவு. அதாவது, நம் பிள்ளைகளுக்கு லீவு விடுகிற அதே வாரம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இப்போது முன்னறிவிப்பு கையிலேயே இருக்கிறது. பார்க்கிற பழக்கம்தான் வேண்டும். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னாலிருந்தே சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். 'டிஎன் அலர்ட்' செயலியையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அதற்காகவே, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்வது நல்லது. நூறு இருநூறு ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை.

மே மாதம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கும். "மீன் ஏன் இவ்ளோ விலை?"னு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீங்க. தை அமாவாசை, ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் ராமேஸ்வரத்தில் கூட்டம் அலைமோதும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

அறை பதிவு செய்வதில் இன்னொரு ஆபத்து உண்டு. தேடுபொறியில் முதலில் வருகிற நம்பருக்கு போன் போட்டு, "பாதி பணம் ஜிபே பண்ணுங்க, ரூம் கன்ஃபர்ம்" என்று சொன்னதும் அனுப்பிவிட்டு, அங்கே போய் நின்றால் அப்படி ஒரு பதிவே இருக்காது. அசல் மாதிரியே போலி இணையதளம் வைத்து ஏமாற்றுகிறார்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி வேண்டுமென்றால் அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே பதிவு செய்யுங்கள். தனியார் விடுதி என்றால், பணம் அனுப்பும் முன் போனில் காட்டும் பெயர் விடுதியின் பெயர்தானா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டது தெரிந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

வண்டிப் பேப்பர்களுக்குக் கவலை வேண்டாம். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் இருந்தால் சட்டப்படி செல்லும். கிளம்பும் முன் ஒருமுறை திறந்து, காலாவதித் தேதிகளைப் பாருங்கள். 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். முன் சீட்டில் அம்மா மடியில் பிள்ளை உட்கார்ந்து வருவதை இன்னும் எத்தனை கார்களில் பார்க்கிறோம்!

வழிக்கு வருவோம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்ட வேண்டியதில்லை. மதுரையைத் தாண்டியதும் கீழடி. 2023-இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்த பானை ஓடுகளை நேரில் பார்க்கும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைக் கவனியுங்கள். அன்றிரவும் மறுநாளும் ராமநாதபுரத்தில் தங்கலாம். சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனையில் சுவர் முழுக்க ஓவியங்கள்: போர்க்களம், அரசவை, ராமாயணக் கதை. வடக்கே தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம், தெற்கே திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை எல்லாம் பக்கம் பக்கம்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போவதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். கணவன், மனைவி இருவரில் ஒருவர் காரை ஓட்டட்டும். மற்றவர் பிள்ளைகளை ரயிலில் கூட்டிப் போகட்டும். பாம்பனில் 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பல் வந்தால் ஆட்கள் கையால் நெம்பித் திறந்துவந்தார்கள். அதன் பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகும். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கடல், கீழே கடல். காருக்குள் இருந்து இது கிடைக்காது. ரயில் நேரத்தையும் டிக்கெட்டையும் 'ரயில்ஒன்' செயலியில் பார்த்துக்கொள்ளலாம். காரில் வருகிறவர் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் வருவார். செல்ஃபி எடுக்கப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிற பேருந்துக்கு அது தெரியாது.

ராமேஸ்வரத்தில் மூன்று இரவு வையுங்கள். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. இங்கேதான் நம்மைப் போன்ற ஸ்மார்ட்போன்காரர்கள் தடுமாறுகிறோம். பிள்ளை கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அழைக்க வழியில்லை. மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. பெரியவர்களே குழம்புவார்கள். உள்ளே நுழைந்ததும், "யாராவது பிரிஞ்சிட்டா இந்தப் பெரிய நந்திகிட்ட வந்து நிக்கணும்"னு பிள்ளைகளிடம் காட்டிவிடுங்கள். உங்கள் நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். தீர்த்தமாடுவதாக இருந்தால் சீட்டு நனையும். கையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் ஈரத் துணியோடு சன்னதிக்குள் போக முடியாது. மாற்றுத் துணி எடுத்துப் போகாமல் நடுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கலாம்.

அப்துல் கலாம் வீடு பள்ளிவாசல் தெருவில். அவர் நினைவிடம் ஊருக்கு வெளியே பேக்கரும்பில். இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் பார்த்துவிடலாம்.

தனுஷ்கோடிக்கு ஒரு காலைப் பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள். காலை உணவு முடித்ததும் கிளம்பிவிடுங்கள். பெட்ரோல், குடிதண்ணீர், தொப்பி எல்லாம் ராமேஸ்வரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பங்க்கும் கிடையாது, நிழலும் கிடையாது. இடிந்த தேவாலயத்தின் முன் வண்டியை நிறுத்தி, போட்டோ எடுக்கும் முன் கதையைச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் இங்கே பயணிகளை இறக்கிவிடும். கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். அந்த டிசம்பர் இரவில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை, ஊரை நெருங்கும்போது கடல் அடித்துக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் அதிலேயே போனார்கள். அதற்குப் பிறகு, மக்கள் வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா என்று யோசிக்க வேண்டாம். நன்றாகவே புரியும்.

அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. ஒரு பக்கக் கடலைப் 'பெண் கடல்' என்றும், மறுபக்கத்தை 'ஆண் கடல்' என்றும் உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். ஒன்று அமைதி, ஒன்று சீற்றம். இதைக் கேட்டுவிட்டு, "இந்தப் பக்கம் அமைதியாத்தானே இருக்கு" என்று பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள். காற்று திசை மாறினால் கடலின் குணமும் மாறும். வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம்தான் கொந்தளிக்கும். இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் வலுவாக இருக்கும். முழங்கால் அளவு தண்ணீர்கூட வேண்டாம். கரையில் நின்று பாருங்கள், போதும். உங்கள் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளலாம். ரோமிங்கை முன்பே அணைத்துவிடுங்கள், வீண் செலவு வராது. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அப்போ பிள்ளைகள் கடலில் விளையாட வேண்டாமா? அரியமான் கடற்கரை இருக்கிறது. மண்டபத்துக்கு முன்னால், சவுக்குத் தோப்பு நிழலோடு. அங்கும் முதலில் உள்ளூர் மீனவர் ஒருவரிடம், "அண்ணே, இன்னைக்கு இறங்கலாமா?"னு கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம்னு சொன்னா, மணல் வீடு கட்டட்டும். கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. எந்த அவசரத்துக்கும் 112.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும், தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள்ளும் வனத்துறை படகில் கூட்டிப்போகிறது. படகு ஓடுவது காற்றைப் பொறுத்தது. அன்று காலை விசாரித்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முதலில் சொல்லி ஆசைகாட்டிவிட்டால் பதில் சொல்லி மாளாது. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் எடுக்கவோ வாங்கவோ கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கரையில் கிடந்தது என்ற பதில் எடுபடாது.

ஆறாவது நாளை எழுதாமல் விட்டுவிடுங்கள். மழை வரும், ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும், அல்லது பிள்ளைகள் "திரும்பவும் அந்த ரயில்ல போகலாமா?"னு கேட்பார்கள். அதற்குத்தான் அந்த நாள்.

திரும்பும்போது கீழக்கரை வழியாக வந்தால் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய அல்வா மாதிரி இருக்கும், பிசுக்கும் ஜாஸ்தி. மஞ்சப்பை ஒன்று கையில் இருக்கட்டும். பின் சீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள், வீடு வந்து சேராது.