சோளத்துக்குச் சாம்பல் சத்து வேண்டாமா?



உரம் விலை ஏறினால் எதைக் குறைப்பது? இதுதான் இன்றைய கேள்வி. சோளம் போடுகிற பலர் முதலில் கைவைப்பது பொட்டாஷில்தான். யூரியா போட்டால் சில நாளில் இலை பச்சை காட்டும். பொட்டாஷ் போட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சத்தமில்லாமல் உழைப்பவருக்கு வீட்டிலும் மரியாதை இல்லை, வயலிலும் இல்லை!

சாம்பல் சத்து என்பது பொட்டாசியம். இலையின் நுண்துளைகளைத் திறந்து மூடும் காவல்காரன் அது. இலையில் உண்டாகும் சர்க்கரை கதிருக்குப் போய்ச் சேரவும் அது வேண்டும். அது குறைந்தால் செடி சீக்கிரம் வாடும்; கணு இடைவெளி சுருங்கிக் குட்டையாகும்; தண்டு மெலிந்து காற்றுக்குச் சாயும். கதிரின் நுனியில் மணி பிடிக்காது.

அடையாளம் காண அடி இலையைப் பாருங்கள். பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தாய் பட்டினி கிடப்பதுபோல, முதிர்ந்த இலையின் பொட்டாசியம் இளம் இலைக்குப் போய்விடும். அதனால் அடி இலையின் நுனியில் தொடங்கி இரு ஓரங்களும் மஞ்சளாகி, பிறகு தீய்ந்து போகும். நடு நரம்பு பச்சையாகவே இருக்கும். தழைச்சத்து குறைந்தாலோ மஞ்சள் நடு நரம்பு வழியாக 'வி' வடிவில் இறங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் யூரியாவை அள்ளிப் போட்டால் செடி இன்னும் சாயும். பூப்பதற்குள் தேவையான பொட்டாசியத்தில் பெரும்பகுதியைச் செடி எடுத்துவிடுவதால், கதிர் வந்தபின் உரம் போட்டும் பெரிய பயனில்லை.

மலேசியாவில் மழை அதிகம். பல இடங்களில் மண்ணுக்குப் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் வலு குறைவு. பொட்டாஷும் கனடா, ரஷ்யா போன்ற வெளிநாடுகளிலிருந்து வரவேண்டும். 2022இல் உக்ரேன் போர் மூண்டபோது அதன் விலை எகிறியது. சிறு விவசாயி என்ன செய்வார் என்று கேட்பது நியாயமே.

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. சோளம் எடுக்கும் பொட்டாசியத்தில் மணிக்குப் போவது சிறுபகுதி. பெரும்பகுதி தட்டையில் தங்குகிறது. கதிரை ஒடித்தபின் தட்டையையும் வெட்டி விற்றால், வயலின் பொட்டாஷும் வண்டியேறிப் போகிறது. தட்டையை நறுக்கி உழுதுவிட்டால் அது மண்ணுக்கே திரும்பும். மாட்டுக்குப் போட்டால் சாணமும் கோமியமும் வயலுக்கு வரட்டும். செம்பனை ஆலைகளில் கிடைக்கும் வெற்றுக் குலைகளிலும் இந்தச் சத்து நிறைய உண்டு. செபராங் பிறையின் தெற்கே செம்பனைத் தோட்டங்கள் இருப்பதால் பினாங்குக்காரர் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

மீதியைக் கடை உரத்தால் ஈடுகட்டலாம். இறவையில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு எக்டருக்கு 75 கிலோ சாம்பல் சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. 60 விழுக்காடு சத்துள்ள பொட்டாஷ் உரத்தில் அது 125 கிலோ. இங்குள்ள மண்ணுக்கு எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். உர மூட்டையைக் குறைக்கும் முன் வேளாண்மைத் துறையிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுத்துச் சோதியுங்கள்.