மின்னணு வாணிபமும் கிராமமும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளைபொருளை வண்டியிலேற்றிச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, அங்கே போய்ச் சேர்ந்த பிறகே அன்றைய விலையை அறிகிறார். விலை குறைந்திருந்தால் சரக்கைத் திருப்பிக் கொண்டுவர இயலுமா? வண்டி வாடகை நிற்கிறது. வீட்டுச் செலவு காத்திருக்கிறது. ஆகவே கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். உழைப்பில் அவருக்குக் குறைவில்லை. விலை அறியாமையே அவருடைய குறை. இக்குறையை மின்னணு வாணிபம் எவ்வளவு தூரம் தீர்க்கக்கூடும் என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

இவ்வாணிபம் நேற்றுத் தோன்றியதன்று. 1979-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியே கணிப்பொறியுடன் இணைத்துக் காட்டினார். 1984-ல் அந்நாட்டின் கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயது மூதாட்டி ஒருவர், வீட்டிலிருந்தபடியே அம்முறையில் முட்டை முதலிய மளிகைச் சாமான்களை வரவழைத்தார். நடமாட இயலாத முதியோர்க்கு உதவும் பொருட்டுச் செய்யப்பெற்ற ஏற்பாடு அது.

பின்னர் இணையம் பரவியது. விலை செலுத்துவோரின் கணக்கு விவரங்களைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைத்து அனுப்பும் முறை 1994-ல் இணைய விற்பனையில் கையாளப்பட்டது. 1995-ல் அமேசான் கம்பெனி புத்தக விற்பனையைத் தொடங்கிற்று. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட மதிப்பை அளித்தது. 2016-ல் யு.பி.ஐ. முறை வந்தது, கைபேசி மூலமாகவே பணம் கொடுக்கவும் பெறவும் வழி ஏற்பட்டது.

விவசாயிக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 2000-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் ஐ.டி.சி. கம்பெனி 'இ-சௌபால்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து விவசாயி ஒருவர் வீட்டிலேயே கணிப்பொறி வைக்கப்பட்டது. அண்டை அயலார் அங்கு வந்து சோயாவின் விலையைத் தெரிந்துகொண்டனர். கம்பெனியிடம் விற்பதா, மண்டிக்குக் கொண்டுபோவதா என்று வீட்டிலிருந்தே தீர்மானித்தனர். இத்திட்டம் பரவிய பகுதிகளில் மண்டி விலையே 1 முதல் 3 சதவீதம் வரை உயர்ந்ததென 2010-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அதாவது, கம்பெனிக்கு விற்காமல் மண்டியிலேயே விற்றவரும் பயனடைந்தனர். விவசாயிக்கு வேறு வழியுண்டு என்று தெரிந்தவுடன் வியாபாரியும் விலையைக் கூட்ட வேண்டியதாயிற்று.

2016 ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய சர்க்கார் 8 ராஜ்யங்களிலுள்ள 21 மண்டிகளை இணைத்து, 'இ-நாம்' எனும் தேசிய வேளாண் சந்தையைத் தொடங்கியது. தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் பலவும் பின்னர் இதில் சேர்ந்தன. ஆயினும், தரம் பிரிக்காத, ஈரம் உலராத சரக்குக்கு எந்தக் கணிப்பொறியும் நல்ல விலை பெற்றுத் தராது. காணாமலே விலை கூறுபவர் தரத்தை நம்பியே கூறுகிறார்.

ஏமாற்றுவோரும் இத்துறையில் உண்டு. பணம் அனுப்பத்தான் யு.பி.ஐ. இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. 'பணம் தருகிறேன், எண்ணைப் பதியுங்கள்' என்பவரை நம்பாதீர்கள். பணத்தை இழந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். வாங்கிய பொருளில் குறையிருப்பின், 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி விற்பனைத் தளம் உங்கள் புகாரை 48 மணி நேரத்திற்குள் ஏற்று, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஞ்சாயத்து அலுவலக வாயிலில் ஒரு கரும்பலகை வையுங்கள். அருகிலுள்ள விற்பனைக் கூடங்களின் விலைகளை நாள்தோறும் காலையில் அதில் எழுதச் செய்யுங்கள். கைபேசி பார்த்தறியும் இளைஞர் ஒருவர் ஊரில் இருந்தால் போதும். விலையறிந்து வண்டி பூட்டும் விவசாயி, தலை நிமிர்ந்து சந்தைக்குச் செல்வார். அந்நிலையை உங்கள் கிராமத்தில் உண்டாக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.