வாளை விடுங்கள், மூசையைப் பாருங்கள்

நம் பழங்காலக் கொல்லர்கள் உருக்கிச் செய்த ஊட்ஸ் எஃகைப் பற்றி உங்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. சேலத்து இரும்பு, கொடுமணல் உலை, அந்த எஃகில் அடித்த டமாஸ்கஸ் வாள், அந்தரத்தில் பட்டுத்துணியை வெட்டிய கதை எல்லாம் கேட்டிருப்பீர்கள். கொஞ்ச காலமாக இன்னொன்றும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது: நம் கொல்லர்கள் அன்றைக்கே நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்களாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துண்டில் கார்பன் நானோகுழாய்கள் தென்பட்டதாக 2006இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் நானோகுழாய் வரவேண்டும் என்று நினைத்து அந்த வாளை யாரும் அடிக்கவில்லை. வார்ப்பட ஆலையில் உலையோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். எனக்கு இந்தப் பெருமைப் பேச்சு அலுத்துவிட்டது. வாளை விடுங்கள். மூசையைப் பாருங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அது ஒன்றுதான்.

மூசை என்றால் உலோகத்தைப் போட்டு உருக்கும் மண்குடுவை. நகைப்பட்டறையில் உள்ளங்கையளவு மூசையைப் பார்த்திருப்பீர்கள். ஊட்ஸ் மூசையும் பெரியதொன்றுமில்லை. ஆனால் அது தாங்க வேண்டிய சூடு வேறு. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கலப்பில்லாத இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். கரியும் துருத்தியும் மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொடுவது எளிதல்ல. ஆகவே நம் பழைய உலைகளில் இரும்பு உருகி ஓடியதில்லை. கசடோடு கலந்து, துளைத்துளையான கட்டியாகத்தான் வெளியே வந்தது. அதைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்துத்தான் கசடைத் துரத்த வேண்டும். எவ்வளவு அடித்தாலும் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும்.

ஊட்ஸ் செய்த மூசைக்காரரின் தந்திரம் என்ன? அந்த இரும்பைத் துண்டு துண்டாக நறுக்கி மூசைக்குள் போட்டார். கூடவே உலர்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்கிலை போன்ற பச்சை இலை. வாயைக் களிமண்ணால் இறுக்கி அடைத்தார். சேலம் பக்கம் நடந்த முறையை 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதிவைத்திருக்கிறார். இருபது, இருபத்து நான்கு மூசைகளை வளைவாக அடுக்கி, கரியால் மூடி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினார்கள். உள்ளே குச்சி கரியாகிறது. அந்தக் கரி இரும்புக்குள் ஊறுகிறது. ஊற ஊற இரும்பு உருகும் சூடு கீழே இறங்குகிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரி ஏறினால் நூறு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். சூட்டை மேலே ஏற்ற முடியாதவர் இரும்பைக் கீழே இறக்கிக்கொண்டார்! இதைவிடக் கெட்டிக்காரத்தனம் என்ன வேண்டும்? முழுக்க உருகிவிட்டதால் கசடு தானாக மேலே மிதந்து பிரிந்துவிட்டது. சம்மட்டி செய்ய முடியாததை மூசை செய்தது.

இனி என் ஆசைக்கு உரிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த மூசையின் மண்.

அது வெறும் களிமண் அல்ல. உமி கலந்த களிமண். நெல் உமியை அள்ளிப் போட்டு மிதித்திருக்கிறார்கள். தெலங்கானாவில் கோனசமுத்திரம் என்னும் ஊரில் கிடைத்த மூசைத் துண்டுகளைத் தெல்மா லோ என்ற ஆய்வாளர் 1980களில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மண்ணுக்குள் கரியாகிப்போன உமி அப்படியே இருந்தது. உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. காற்றுப் புகாமல் வேகும்போது கரியும் சிலிக்காவும் உமியின் உருவத்திலேயே நின்றுவிடுகின்றன. சுற்றியுள்ள களிமண் கடும் சூட்டில் முல்லைட் என்ற ஊசி ஊசியான படிகமாக மாறி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. மூசை சிவந்து காந்தினாலும் குழையாது. திடீர்ச் சூட்டில் ஒரு விரிசல் கிளம்பினால், உமி விட்ட இடைவெளியில் போய் நின்றுவிடும். சுவரிலேயே கரி இருப்பதால் உள்ளே இருக்கும் இரும்பைக் காற்று எரித்துவிடவும் விடாது. ஒரு கூடை உமி இத்தனை வேலை செய்கிறது.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரைப் பாருங்கள். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் நல்ல வில்சுருள் கிடைக்காத எரிச்சலில் எஃகைத் தானே மூசையில் உருக்கத் தொடங்கினார். அந்த ஊரின் மூசைக்காரர்களும் வெறுங்காலால்தான் மண்ணை மிதித்தார்கள். அவர்கள் மண்ணோடு கலந்தது கல்கரித் தூள். இங்கே உமிக்கரி, அங்கே கல்கரி. இன்றைய வார்ப்படச் சாலையில் நாம் வாங்கும் மூசையில் கிராஃபைட். அதுவும் கரிதான். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று நான் சண்டை போட வரவில்லை. மண்ணோடு கரி சேர்ந்தால்தான் மூசை நிற்கும் என்பதை இரண்டு ஊர்க் கால்களும் தெரிந்துகொண்டன.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஆலையில் ஒரு பெரியவர் இருந்தார். உலையில் வைக்குமுன் ஒவ்வொரு மூசையையும் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் தலையை ஆட்டுவார். மழைக்காலத்தில் கிடங்கிலிருந்து வந்த மூசை 'டொக்' என்றால் முதலாளியே வந்து நின்றாலும் உலைப்பக்கம் விடமாட்டார். "ஈரம் குடிச்சிருக்கு தம்பி, காய வை" என்பார். நாங்கள் கருவி வைத்து அளந்து கண்டதை அவர் காது முன்னமே சொல்லியிருக்கும். ஊட்ஸ் உலையருகேயும் இப்படி ஒரு காது இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ஐரோப்பிய விஞ்ஞானிகள் எங்கே பார்த்தார்கள்? மூசையில் உறைந்த எஃகுக் கட்டியைப் பார்த்தார்கள், வாளைப் பார்த்தார்கள். மூசையைப் பார்த்தவர் குறைவு. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் ஊட்ஸைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடே வந்தார். மின்சாரத்துக்கு முன்னால் அவர் கை வைத்தது நம் எஃகில்தான். கொல்லர் மகனல்லவா! ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, 1819இல் ஊட்ஸைப் பகுத்துப் பார்த்தார். அலுமினியம் கொஞ்சம் கண்ணில் பட்டது. இதுதான் ரகசியம் என்று முடிவு கட்டிவிட்டார். ரகசியம் அதுவல்ல. அந்த அலுமினியம் மூசை மண்ணிலிருந்தோ கசடிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்பது என் ஊகம். களிமண்ணில் அலுமினா இல்லாமல் போகுமா? மூசை அவருக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அவர்தான் கவனிக்கவில்லை.

ஆனாலும் ஃபாரடேயை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஊட்ஸைப் போலச் செய்யப் போய், எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து உருக்கினார். கலப்பு எஃகு ஆராய்ச்சியின் தொடக்கங்களில் அது ஒன்று. அவர் செய்த 79 எஃகுத் துண்டுகள் ஒரு மரப்பெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்தன. நூறு ஆண்டு கழித்து உலோகவியலாளர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு அவற்றை எடுத்துச் சோதித்து, 1931இல் நூலாகவே எழுதினார்.

பாரிஸ் நாணயச் சாலையின் பிரேயான் என்பவர் 1820களில் ஊட்ஸின் குணத்துக்குக் கரிதான் காரணம் என்று கண்டுகொண்டார். ரஷ்யாவில் ஸ்லாட்டவுஸ்த் ஊரில் அனோசவ் என்பவர் அதே போன்ற எஃகைச் செய்தே காட்டினார். ஹீத்தை முன்பே சொன்னேன். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தவர் அவர். இங்கிலாந்து திரும்பி, மூசையில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அந்த முறையால் ஷெஃபீல்டு கொழித்தது. அவர் காப்புரிமைக்காக வழக்காடியே 1851இல் இறந்துபோனார்.

டமாஸ்கஸ் வாளின்மேல் தெரியும் அலைவரிகளுக்கு நல்ல விளக்கம் வர 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து செய்த வேலை அது. தாதுவிலிருந்து வந்த வனேடியம் போன்ற தனிமங்கள், 0.01 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தாலே, திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது இரும்பும் கரியும் சேர்ந்த கார்பைடுத் துகள்களை வரிசையில் நிறுத்திவிடுகின்றன. பேராசிரியரும் கொல்லரும் ஒரே உலையருகே நின்றார்கள் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அந்த வரிசைக்கு விதை எங்கே விழுந்தது? எஃகுக் கட்டி மூசைக்குள் மெல்ல ஆறி உறையும்போது. மறுபடியும் மூசைதான்!

நம் பக்கம், பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவள்ளூரில், மூசை எஃகு செய்த இடம் ஒன்றை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் அடையாளம் கண்டார். அங்கே அவர் படித்தது வாளை அல்ல, உடைந்த மூசைகளை. கட்டியை வெளியே எடுக்க ஒவ்வொரு முறையும் மூசையை உடைத்தாக வேண்டும். அதனால் எஃகு ஊர் ஊராகப் போய்விட்டது, மூசை ஓடுகள் மட்டும் செய்த இடத்திலேயே கிடக்கின்றன. அருங்காட்சியகத்தில் வாளுக்குக் கண்ணாடிப் பேழை, ஓட்டுக்குச் சாக்குமூட்டை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சேலம், ஈரோடு, கள்ளக்குறிச்சிப் பக்கத்து நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ வெளியே கண்ணாடிபோல் உருகிய பூச்சும், உள்ளே கன்னங்கரிய மண்ணும் உள்ள ஓடு கிடைத்தால், உடைந்த விளிம்பில் உமி இருந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். உட்புறத்தில் வளையமாக ஒரு கண்ணாடிக் கோடு துருத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உருகிய எஃகின்மேல் கசடு மிதந்து நின்ற மட்டம் அது. இருந்தால் அங்கிருந்து எடுக்காமல், தொல்லியல் துறைக்குச் சொல்லியனுப்புங்கள்.