அரங்கத்தில் நமக்கும் ஓர் இருக்கை



மாலை நேரம். அலுவலகத்திலிருந்தோ, ஆலையிலிருந்தோ, கடையிலிருந்தோ வீடு திரும்பிக்கொண்டிருக்கிறோம். வழியில் நகரத்தின் அரங்கு ஒன்று. அதன் வாயிலில் வரும் மாதத்து நிகழ்ச்சி நிரல் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு கணம் நின்று பார்க்கிறோம். நம் கண்கள் எதைத் தேடுகின்றன? தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடுகின்றன. தமிழ் நாடகமோ, நாம் அறிந்த பாடகரின் கச்சேரியோ இருந்தால் நாளைக் குறித்துக்கொள்கிறோம். இல்லையேல், "நமக்கானது ஒன்றும் இல்லை" என்று நடையைக் கட்டுகிறோம்.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழராகிய நம்மில் பெரும்பாலோர்க்கு இது பழகிப்போன வழக்கம். அந்தச் சொல் மெய்தானா என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். பொதுப்படப் பேசுவதைவிட ஒரு நகரத்தையும் அங்குள்ள ஓர் அரங்கையும் எடுத்துக்கொண்டு பேசுவது பயனுடையது. ஆகவே பெங்களூரை எடுத்துக்கொள்வோம். மும்பையிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் தத்தம் ஊர் அரங்கை மனத்திற்கொண்டு கேட்கலாம்.

பெங்களூரில் கலை நிகழ்ச்சிகளுக்கு இடப் பஞ்சம் இல்லை. ஸ்ரீராம சேவா மண்டலியின் இராம நவமி இசை விழா 1939ஆம் ஆண்டு தொடங்கியது. சாமராஜப்பேட்டையில் கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலில் இட்ட அதன் பந்தலில் தமிழ்நாட்டுப் பெருங்கலைஞர் பலர் பாடியிருக்கின்றனர். 1961ஆம் ஆண்டு தாகூரின் நூற்றாண்டு. அதனை முன்னிட்டு நாட்டின் பல நகரங்களில் அரங்குகள் எழுந்தன. ஐதராபாத்தின் ரவீந்திர பாரதி அவற்றுள் ஒன்று. பெங்களூரின் ரவீந்திர கலாக்ஷேத்திரம் மற்றொன்று. ஏழு தந்தி வயலின் வாசித்துப் புகழ்பெற்ற சௌடையாவின் நினைவாக, வயலின் வடிவிலேயே கட்டப்பட்ட மண்டபம் 1980இல் திறக்கப்பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசை என்றால் நாம் மொழி பார்ப்பதில்லை. தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனையையும் புரந்தரதாசரின் கன்னடப் பாடலையும் பொருள் முழுதும் விளங்காமலே கேட்டு உருகுகிறோம். ஆனால் நாடகம் என்றதும், சொற்பொழிவு என்றதும், "மொழி தெரியாதே!" என்று பின்வாங்குகிறோம். பாட்டுக்குத் திறக்கும் செவி பேச்சுக்கு மூடிக்கொள்வது ஏன்?

பெங்களூரின் தென்பகுதியில், ஜெ.பி. நகரில், 'ரங்க சங்கரா' என்னும் நாடக அரங்கு இருக்கிறது. கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக்கின் நினைவாக எழுந்தது அது. ஆர்.கே. நாராயணின் மால்குடிக் கதைகள் 1980களில் தொலைக்காட்சித் தொடராக வந்தமை பலர்க்கு நினைவிருக்கும். அதை இயக்கியவர் சங்கர் நாக்கே. சென்னையில் பிறந்து, மைசூரில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதிய தமிழர் ஒருவரின் கதைகள். கன்னடக் கலைஞர் ஒருவரின் இயக்கம். தமிழ்நாட்டு இசையமைப்பாளர் எல். வைத்தியநாதனின் இசை. நாடு முழுவதும் அதனைத் தன் கதையாகவே கண்டு மகிழ்ந்தது. யாருடைய மொழி, யாருடைய ஊர் என்று அப்போது எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

சங்கர் நாக் 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சாலை விபத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 35. நாடகத்திற்கென்றே நல்லதோர் அரங்கு பெங்களூரில் அமைய வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. அதனை அவர் மனைவியார் அருந்ததி நாக் தம் கடமையாக ஏற்றார். ஒத்த கருத்துடைய கலைஞர்களும் அன்பர்களும் துணை நின்றனர். கணவரை இழந்து 14 ஆண்டுகள் கழித்து, 2004ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், அரங்கு திறக்கப்பெற்றது.

அருந்ததி அம்மையார் கன்னட நாட்டில் பிறந்தவர் அல்லர். டெல்லியில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். மராத்தி, குஜராத்தி, இந்தி மேடைகளில் நடித்துப் பயின்றவர். மணமாகிப் பெங்களூருக்கு வந்த பின்னர்க் கன்னடம் கற்று, கன்னட மேடையில் ஏறி நடித்தார். அதாவது, அவரும் நம்மைப் போலக் குடியேறியவரே! வெளியூரிலிருந்து வந்த ஒருவர், வந்த ஊருக்கு ஓர் அரங்கை அளித்திருக்கிறார். "நமக்கானது ஒன்றும் இல்லை" என்று வாயிலோடு திரும்பும் நாம் இதனைச் சிந்திக்க வேண்டும். ஊர் நமக்கு என்ன தருகிறது என்று கேட்கிறோமேயன்றி, ஊருக்கு நாம் யார் என்று கேட்பதில்லை.

அரங்கு பெரியதன்று. ஏறத்தாழ 320 பேர் அமரலாம். மும்பையில் 1978இல் திறக்கப்பட்ட பிருத்வி அரங்கைப் போலவே இங்கும் மேடை பார்வையாளர் நடுவே முன்னோக்கி நீண்டிருக்கிறது. நடிகரின் மூச்சு வாங்குவதுகூட நமக்குக் கேட்கும். திங்கட்கிழமை நீங்கலாக நாள்தோறும் ஒரு நாடகம் என்பது இந்த அரங்கு மேற்கொண்ட நோன்பு. கன்னடமே முதன்மை, ஆங்கிலமும் இந்தியும் பிற இந்திய மொழிகளும் வரும், தமிழும் வந்திருக்கிறது.

இனி, இத்தகைய அரங்கின் மாத நிரலை எவ்வாறு படிப்பது என்று பார்ப்போம். அதில் மூவகை நிகழ்ச்சிகள் இருக்கும். கண்டு மகிழ்வதற்கு நாடகமும் நாட்டியமும் இசையும். கேட்டுத் தெளிவதற்குச் சொற்பொழிவும் கலந்துரையாடலும். செய்து பழகுவதற்குப் பயிற்சிப் பட்டறை.

முதலில் நாடகம். மொழி தெரியாத நாடகத்திற்குப் போவோர் கதை தெரிந்த ஒன்றைத் தேர்ந்துகொள்வது நலம். மகாபாரதக் கிளைக்கதையைத் தழுவியதாகவோ, வரலாற்று மன்னன் ஒருவனைப் பற்றியதாகவோ இருக்கட்டும். கிரீஷ் கர்னாட் 1964இல் எழுதிய 'துக்ளக்' என்றால், தலைநகரை மாற்றிய சுல்தானின் கதையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். புறப்படுமுன் கதைச் சுருக்கத்தை வீட்டார் அனைவர்க்கும் சொல்லிவிடுவோம். பாதி வேலை முடிந்தது.

மற்றப் பாதியை நம் தமிழே செய்துவிடும். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு. இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்தால், கால் மணி நேரத்திற்குள் அயல்மொழி என்று எண்ணியது அத்தை வீட்டுப் பேச்சைப் போல ஒலிக்கத் தொடங்கும். மராத்தி, வங்கம் போன்ற மொழிகள் வழங்கும் ஊர்களில் இந்தச் சாவி உதவாது. அங்கே நடிகரின் முகமும் கையும் துணைபுரியும்.

இரண்டாவது, சொற்பொழிவு. நாடகம் முடிந்தபின் இயக்குநரும் நடிகரும் பார்வையாளரோடு உரையாடும் நாள்களும் உண்டு. அத்தகைய நாளைத் தேடிப் போக வேண்டும். "இந்தக் காட்சியில் விளக்கை ஏன் அணைத்தீர்கள்?" என்று கேட்க இலக்கணம் வேண்டியதில்லை, தெரிந்த மொழியில் தெரிந்தவரை கேட்கலாம். விழாக் கூட்டங்களில் மாலை சூட்டிப் பொன்னாடை போர்த்திக் கலைஞரை அனுப்பிவிடுவது நம் வழக்கம். பொன்னாடையைக் காட்டிலும் நல்ல கேள்வி ஒன்றே கலைஞருக்கு உவகை தரும் மரியாதை.

மூன்றாவது, பயிற்சிப் பட்டறை. நாம் மிகவும் புறக்கணிப்பது இதனையே. ரங்க சங்கராவில் சிறுவர் நாடகத்திற்கென்றே தனித் திட்டம் உண்டு. கோடை விடுமுறையில் சிறுவர்க்குப் பட்டறைகளும் நடந்துவருகின்றன. பெற்றோர் பலர் "இதனால் மதிப்பெண் கூடுமா?" என்று கேட்கின்றனர். கூடாதுதான். ஆனால், அங்கே நடப்பது யாது? பிள்ளைகள் வட்டமாக அமர்கின்றனர். ஒரு பிள்ளை மரமாகிறது, ஒன்று மழையாகிறது, இன்னொன்று மழைக்கு ஒதுங்கும் கிழவியாகிறது. கன்னட வீட்டுப் பிள்ளையும், தெலுங்கு வீட்டுப் பிள்ளையும், நம் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டுகின்றனர். வகுப்பில் வாய் திறக்கக் கூசும் குழந்தை, அட்டையில் செய்த முகமூடியை அணிந்தவுடன் உரக்கப் பேசுகிறது.

இந்த இடத்தில் பெற்றோர் பலர் உள்ளத்தில் ஓர் அச்சம் எழும். "ஏற்கெனவே எங்கள் பிள்ளைக்குத் தமிழ் தள்ளாடுகிறது. பிற மொழி மேடைக்கும் அனுப்பினால் இருப்பதும் போய்விடாதா?" இந்த அச்சத்தை நாம் எள்ளி ஒதுக்க மாட்டோம். புலம்பெயர்ந்த வீடுகளில் மூன்றாம் தலைமுறை தமிழ் எழுத்தை அறியாமல் வளர்வதை நாம் கண்ணாரக் கண்டுவருகிறோம்.

பெங்களூர் வரலாற்றையே சான்றாகக் கொள்வோம். தற்காலக் கன்னட நாடகத்திற்கு வழிவகுத்தவர்களுள் தலையாயவர் டி.பி. கைலாசம். 1884இல் பிறந்து 1946இல் மறைந்த அவர் தமிழ்க் குடும்பத்தவர். இலண்டன் சென்று நிலவியல் பயின்றவர். வீதியிலும் வீட்டிலும் மக்கள் பேசும் கன்னடத்தை அப்படியே மேடையேற்றி, ஊரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். அவருடைய 'டொள்ளு கட்டி' என்னும் நாடகத்தில் அண்ணன் தம்பி இருவர். ஒருவன் தேர்வில் வெல்கிறவன். மற்றவன் தேர்வில் தோற்றாலும் ஆபத்தில் ஓடிவந்து உதவுகிறவன். இவருள் உள்ளீடு அற்றவன் எவன், திண்மை உடையவன் எவன் என்பதே நாடகத்தின் கேள்வி. மதிப்பெண் கூடுமா என்று கேட்கும் நமக்கு ஒரு தமிழர் அன்றே கன்னடத்தில் விடை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்! ஞானபீட விருது பெற்ற கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழியும் தமிழே.

"இவர்கள் தமிழில் எழுதவில்லையே, அது தமிழுக்கு இழப்பன்றோ?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு வகையில் இழப்புத்தான். ஆனால், வந்த ஊரில் விருந்தினராகவே இருந்து மறையாமல், அவ்வூர் மக்கள் நன்றியோடு நினைக்கும் உறவினராக அவர்கள் ஆயினர். இது சிறிய பேறன்று. மேலும், பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோவது கன்னட மேடையாலன்று. வீட்டில் தமிழ்ப் பேச்சு குறைவதால். பாட்டி கதை சொல்லாத வீட்டில் தமிழ் தேய்கிறது. பட்டறைக்குச் செல்லும் பிள்ளையிடம், "நாளைக்கு உன் வீட்டுக் கதை ஒன்று கொண்டு வா" என்று ஆசிரியர் சொன்னால் அது யாரிடம் ஓடும்? பாட்டியிடந்தான் ஓடும். அன்றிரவு அந்த வீட்டில் நரியும் காக்கையும் தமிழில் பேசும். மறுநாள் அரங்கில் அவை கன்னடத்தில் பேசும். இதனால் இரு மொழிக்கும் வரவே!

அரங்கத்திற்குச் செல்லும் முறை பற்றியும் இரண்டொரு சொல். ரங்க சங்கராவில் நாடகம் தொடங்கிவிட்டால், சீட்டு வைத்திருப்பவரையும் உள்ளே விடுவதில்லை. தாமதமாகச் சென்று மூடிய கதவின் முன் நின்ற அனுபவம் நமக்கும் உண்டு. போக்குவரத்து நெரிசலைக் குறை கூறிக்கொண்டு நின்றோம். பின்னர் ஒருமுறை உள்ளே அமர்ந்திருந்தபோதுதான், அந்த அமைதி எவ்வளவு அரியது என்பது விளங்கிற்று. பிழை நம்முடையதே. அரை மணி முன்னதாகச் செல்வோம், கைபேசியை அணைத்துவைப்போம், இனாம் சீட்டுக்கு ஆளைத் தேடாமல் காசு கொடுத்தே வாங்குவோம். இருக்கைகள் நிறைந்தால்தான் விளக்கு எரியும். வெற்று இருக்கைகளுக்கு முன்னால் எந்த அரங்கும் நெடுநாள் நடவாது.

இன்னுமொன்று. நாம் அவர்கள் நாடகத்திற்குச் செல்வது போல, அவர்களையும் நம் நாடகத்திற்கு அழைக்க வேண்டும். தமிழ்ச் சங்கத்திலோ சபாவிலோ தமிழ் நாடகம் நடக்கும் நாளில், அடுத்த வீட்டுக் கன்னட நண்பர் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்வோம். கதைச் சுருக்கத்தை முன்கூட்டிச் சொல்லிவிடுவோம். நம் பக்கத்து இருக்கையில் அவர் சிரிப்பதைக் கேட்கும் இன்பம், நாம் தனியே சிரிக்கும் இன்பத்தைவிட மிகுந்தது.

ஆகவே, அன்பர்களே, வரும் மாதத்து நிகழ்ச்சி நிரலை இம்முறை சற்று நின்று படியுங்கள். நம் மொழியில் ஒன்று, வாழும் ஊரின் மொழியில் ஒன்று, பிள்ளைக்குப் பட்டறை ஒன்று என்று மூன்று நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் இயலாவிடின், ஊர் மொழியில் அமைந்த ஒன்றையாவது தேர்ந்துகொள்ளுங்கள். பிழைப்புக்காக வந்த ஊர் இது என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். அதன் சிரிப்பிலும் கண்ணீரிலும் பங்குகொண்ட அன்றுமுதல் அது நாம் வாழும் ஊராகிவிடும்.