விளையாட்டுக் கருவியில் ஒரு தொழிற்கூடம்



விளையாட்டுக்கென்று வாங்கிய பொருள் வேலைக்கும் உதவுமாயின், அதனை வேண்டாம் என்பார் இலர். ஊரை விட்டு வந்து, ஒற்றை அறையில் குடியிருந்து, நிரல் எழுதும் கலையைப் பயில விரும்பும் இளைஞர் பலருக்கு இரண்டு கணினிகளை வாங்கும் வசதி வாய்ப்பதில்லை. இப்பேச்சு அவர்களுக்குப் பயன்படக்கூடும்.

வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கருவியை உதாரணமாகக் கொள்வோம். கையில் ஏந்தி விளையாடத்தக்க இக்கருவி, உண்மையில் ஒரு முழுமையான கணினியே ஆகும். 16 ஜிகாபைட் நினைவகமும், ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓ.எஸ். என்ற இயங்குதளமும் அதில் அமைந்துள்ளன. மின்பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் தோன்றும் பட்டியலில், டெஸ்க்டாப் முறைக்கு மாறும் வழி இருக்கிறது. விசைப்பலகையையும் சுட்டியையும் இணைத்துவிட்டால், மேசைக் கணினிபோலவே அதனைப் பயன்படுத்தலாம்.

ஆனால் கம்பைலர் முதலிய கருவிகளை அதில் எங்கே வைப்பது? இங்கேதான் பலர் இடறுகின்றனர். ஸ்டீம் ஓ.எஸ். இயங்குதளத்தின் அடித்தளம், படிப்பதற்கு மட்டுமே உரியதாகப் பூட்டப்பட்டுள்ளது. ஓர் ஆணையால் பூட்டைத் திறந்து, பாக்மேன் என்ற நிரலைக் கொண்டு வேண்டியவற்றை நிறுவ முடியும். அன்றைக்கு எல்லாம் நன்றாகவே நடக்கும். பின்னர் ஒரு நாள் புதுப்பிப்பு வரும். அடித்தளத்திற்கு இக்கருவியில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று இயங்குகையில் மற்றொன்றில் புதிய பதிப்பு முழுமையாக எழுதப்படும். மறுமுறை தொடங்கும்போது கருவி புதிய இடத்திற்குக் குடிபெயரும். நாம் நிறுவிய கம்பைலர் அங்கே இராது. புதிய பதிப்பு பழுதுற்றால் பழையதற்குத் திரும்பலாம் என்பது இவ்வமைப்பின் நன்மை.

வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுவரில் எழுதியது வெள்ளையடித்தால் மறையும். பெட்டியில் வைத்தது நம்முடன் வரும். இக்கருவியில் நம் பெட்டி, ஹோம் என்னும் பயனர் பகுதியாகும். புதுப்பிப்பு அதனை அழிப்பதில்லை.

2023-ஆம் ஆண்டில் வந்த 3.5 பதிப்பிலிருந்து, டிஸ்ட்ரோபாக்ஸ், பாட்மேன் என்னும் இரண்டும் இயங்குதளத்துடனேயே வருகின்றன. இவற்றின் துணையால் டெபியன் அல்லது ஃபெடோரா போன்ற வேறொரு லினக்ஸைத் தனிக் கொள்கலனாக ஹோம் பகுதியில் அமைக்கலாம். ஜி.சி.சி., கிட், பைத்தான் ஆகியவற்றை அதனுள் நிறுவிக்கொள்ளலாம். நாம் எழுதும் கோப்புகள் கொள்கலனுக்கு உள்ளும் புறமும் ஒன்றாகவே தென்படும். கருவிகளில் குழப்பம் நேர்ந்தால், கொள்கலனை நீக்கிவிட்டு மற்றொன்றை அமைக்கலாம். விளையாட்டுகளுக்கு இடையூறு இல்லை. நிரல் எழுதும் எடிட்டரை, டிஸ்கவர் என்ற செயலியின் வழியே ஃபிளாட்பேக் வடிவில் பெறலாம். அதுவும் புதுப்பிப்புக்குப் பின் நிலைத்திருக்கும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். கொள்கலன்கள் பல ஜிகாபைட் இடத்தைக் கொள்ளும். ஆகவே சேமிப்பிடம் குறைந்த கருவியில் ஒன்றுடன் நிறுத்துவது நலம். கொள்கலனுள் இருந்து ஹோம் பகுதியின் கோப்பை அழித்தால், அது மெய்யாகவே அழிந்துவிடும். கர்னலைச் சார்ந்த டிரைவர்களை இவ்வழியில் சேர்க்க இயலாது. கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டால், பெட்டியும் போய்விடும். ஆதலின், எழுதிய நிரலின் பிரதி ஒன்றை வேறிடத்திலும் வைத்திருங்கள்.

கருவிகள் போனால் ஒரு மாலைப் பொழுதில் மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். பல மாதங்கள் உழைத்து எழுதிய நிரலை அவ்வாறு மீட்க முடியாது. எதை எங்கே வைக்க வேண்டும் என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொண்டவருக்கு, விளையாடும் கருவியே கற்கும் கூடமாகவும் அமையும்.