அரையாண்டு விடுமுறையும் நம் பிள்ளைகளும்



தாய்மார்களே, சகோதரர்களே! பள்ளியில் பழகிய கிறிஸ்துமஸ் பாட்டை வீட்டில் முணுமுணுத்த மகளை, "வாயை மூடு" என்று அதட்டிவிட்டதாக ஒரு தாயார் சொன்னார். அவருடைய அச்சம் நியாயம்தான். வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டுமே. அதில் நமக்குச் சமரசம் இல்லை. ஆனால் அதட்டினால் பிள்ளை பாட்டை மறக்காது. நம்மிடம் கேட்பதைத்தான் நிறுத்திவிடும்.

அன்றிரவே குர்ஆனின் 19வது அத்தியாயம், சூரா மர்யமைத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கலாம். பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனை, மரத்தை உலுக்கினால் கனி விழும் என்ற ஆறுதல், தொட்டிலில் பேசிய ஈசா நபி (அலை). தோழி வீட்டாரோடு எதில் ஒன்றுபடுகிறோம், எங்கே வேறுபடுகிறோம் என்பது அப்போது பிள்ளைக்கே விளங்கும்.

மார்கழி விடியலில் மைக்கில் கேட்கும் திருப்பாவையும் அப்படித்தான். பாடிய ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூர் நம் பக்கத்து ஊர். அதன் பொருளைப் பிள்ளை கேட்டால் சொல்லுங்கள். நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் கம்பராமாயணத்தில் ஆழ்ந்தவர். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்தவர். அதனால் அவர் நம்மவர் இல்லாமல் போய்விட்டாரா? நாகூர் ஹனிபாவின் பாட்டை எத்தனை இந்து, கிறிஸ்தவ வீடுகளில் கேட்கிறார்கள்!

சீறாப்புராணத்தை உரையோடு வாங்கி வையுங்கள், நடை கடினம். உமறுப் புலவர் அடங்கிய எட்டயபுரம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பாரதி பிறந்த வீடும் அங்கேதான் இருக்கிறது.